மழைக்கு மூடிய மஞ்சி

மழை என்றாலே எனக்கு ஆகாது. ஊரே மழைக்குக் காத்துக்கிடக்கும், நான் மட்டும் வானத்தைத் திட்டிக்கொண்டிருப்பேன். பொள்ளாச்சிப் பக்கம் நாங்கள் மஞ்சி மில் வைத்திருக்கிறோம். தேங்காய் மட்டையை அடித்து எடுக்கிற நாரைத்தான் எங்கள் பக்கம் மஞ்சி என்போம். களத்தில் காய்கிற மஞ்சி நனைந்தால் கறுத்துப்போகும். கறுத்ததை ஒருவரும் சீந்த மாட்டார்கள். முந்தின கோடையில் ஒரே மழையில் அப்படி ஒரு களமே பாழானது.

அதனால் தினமும் மதியம் சோற்றுத் தட்டோடு டிவி முன்னால் உட்கார்ந்து வானிலை பார்ப்பேன். அன்றைக்கும் பார்த்தேன். வங்கக்கடலில் புயல் சின்னம், வடக்கே அனல்காற்று, எங்கோ மலைக்காட்டில் தீ என்று நாடு முழுக்கச் சுற்றிவிட்டுக் கடைசியில் எங்கள் பக்கம் வந்தார்கள். சாயங்காலம் இடியோடு மழை என்றார்கள். அவ்வளவுதான், பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன். மழைக்கு முன்னால் வறண்ட காற்று பலமாக வீசும், தீ விஷயத்தில் கவனமாக இருங்கள் என்று டிவியில் செய்தி வாசித்த பெண் தொடர்ந்து சொன்னது வாசல் வரைக்கும் கேட்டது. காதில் விழுந்தது, மனசில் ஏறவில்லை.

"ஏனுங்க, சாயந்தரம் மழைங்க! எல்லாத்தையும் ஒண்ணாக் குமிச்சுப் போடுங்க!" என்று களத்துக்கு ஓடினேன்.

என் வீட்டுக்காரர் நிதானமான ஆள். அந்த நிதானம்தான் எனக்கு எரிச்சல். "நடுவால சந்து உட்டுத்தான் குமிக்கோணும் அம்மணி. ஒண்ணு பத்திக்கிச்சுன்னா இன்னொண்ணாச்சும் மிஞ்சும்" என்றார்.

"சந்து உட்டாத் தார்ப்பாய் பத்தாதுங்க. மழை வரப்போகுதுன்னு நாங் கத்தறேன், நீங்க தீயைப் பத்திப் பேசிட்டிருக்கறீங்க!"

அவர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு இறங்கினார். வேலைக்கு வந்திருந்த இரண்டு பெண்களும் நாங்களுமாகக் களத்தில் நாலு குவியலாகக் கிடந்ததை ஒன்றாக்கினோம். வீட்டு உயரத்துக்கு நின்றது. ஏணி சாத்தி அவரை மேலே ஏற்றிவிட்டேன். தார்ப்பாயை இழுத்துக் கட்ட ஆரம்பித்தார்.

அப்போதுதான் காற்று வந்தது. மழை வாசமே இல்லாத காய்ந்த காற்று. களத்தோரம் போகிற கரண்ட் கம்பிகள் ஆடி ஒன்றோடொன்று உரசின. பட்டென்று தெறித்த பொறி, ஏணி இருந்த பக்கமாக விழுந்தது. காய்ந்த மஞ்சி பற்ற எவ்வளவு நேரமாகும்? கண்மூடித் திறப்பதற்குள் ஏணியைக் காணோம். அங்கே தீதான் நின்றது.

"குதிங்க! இந்தப் பக்கம் குதிச்சுருங்க!" தொண்டை கிழியக் கத்தினேன். புகையில் ஆளே தெரியவில்லை. பதிலும் இல்லை. ஐயோ, நான்தானே ஏற்றிவிட்டேன், சந்து வேண்டாமென்று நான்தானே ஒற்றைக்காலில் நின்றேன்! அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் தார்ப்பாயைப் பிடித்துச் சறுக்கிக்கொண்டு வந்து விழுந்தார். உருகின தார்ப்பாய் இரண்டு உள்ளங்கையிலும் ஒட்டியிருந்தது. நினைவில்லாமல் கிடந்தவரை அந்தப் பெண்கள்தான் இழுத்துப் போட்டார்கள். எனக்கு எழுந்திருக்கவே முடியவில்லை.

தீயணைப்பு வண்டி வருவதற்குள் களத்தில் ஒரு பிடி மஞ்சிகூட மிஞ்சவில்லை. ஆனால் அதை நினைக்க எனக்கு அப்போது புத்தி ஏது? ஆஸ்பத்திரியில் அவர் கண் திறக்கிற வரைக்கும் கட்டில் பக்கத்தை விட்டு நான் நகரவில்லை. சொன்ன மாதிரியே சாயங்காலம் மழை பிடித்தது. ஜன்னல் கண்ணாடியில் சடசடவென்று அடித்தது. அந்தச் சத்தத்தில்தான் அவர் விழித்தார்.

"மழை வந்துருச்சா அம்மணி?"

"வந்துருச்சுங்க."

"பாத்தியா, நீ சொன்னது சரியாத்தான் போச்சு."

குத்திக்காட்டத் தெரியாத மனுஷன், என்னைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் இரண்டு கையிலும் கட்டு, பிடித்துக்கொண்டு அழக்கூட இடமில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.