மைனஸ் இருபத்தைந்தில் ஓர் ஒத்திகை

துபாயில், ஜெபல் அலி துறைமுகத்தை ஒட்டிய ஒரு குளிர்கிடங்குக்குள், உறைந்த கோழிப் பெட்டிகளுக்கு நடுவே நிற்கிறேன். உள்ளே மைனஸ் இருபத்தைந்து டிகிரி. கதவுக்கு வெளியே நாற்பத்தொன்று. நார்வேக்குப் போகும் வழியில் இங்கே இறங்கியிருக்கிறேன். அங்கே ஒரு பனியாற்றை ஒட்டித் தேங்கும் ஏரியை என் கருவி கண்காணிக்க வேண்டும். ஏரி உடையும் அறிகுறி தெரிந்தால், கீழே இருக்கும் ஊர்க்காரர்களின் கைபேசிகளுக்கு எச்சரிக்கை போகும். கருவியைச் செய்தது சென்னையில். சோதித்துப் பார்க்க இவ்வளவு குளிரான இடம் அங்கே எனக்குக் கிடைக்கவில்லை.

இரண்டு மணி நேரத்தில் கருவி தேறிவிடுகிறது. மகிழ்ச்சியில் அதைத் தூக்கிக்கொண்டு கதவை நோக்கி ஓடுகிறேன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் பரமக்குடிக்காரர் முருகேசன் வண்டியைக் குறுக்கே நிறுத்துகிறார்.

“சார், அப்படியே கொண்டு போயிறாதீங்க. வெளிய புழுக்கம். உள்ள பூரா தண்ணி கோத்துக்கிரும். என் ரெண்டு போனும் அப்படித்தான் செத்துச்சு, கலாஸ்.”

இதை நான் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்! உள்ளேயே வைத்து, கருவியை பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டித் தருகிறார். வெளியே வந்ததும் பையின் மேலெல்லாம் நீர் வழிகிறது. ஒரு மணி நேரம் பொறுத்துப் பிரிக்கிறோம். கருவி உலர்ந்தே இருக்கிறது. பச்சை விளக்கு எரிகிறது.

“ஏழு வருசமா இந்தக் குளிர்லதான் சார் டூட்டி. பனி பெய்யிறத மட்டும் பாத்ததில்ல.”

கருவியில் கேமராவும் உண்டு. தினமும் காலையில் ஊர்க்காரர்களுக்கு ஏரிக்கரையின் படம் ஒன்றை அனுப்பும். மடிக்கணினியைத் திறந்து, அவர்களுடைய எண்களுக்குக் கீழே முருகேசனின் எண்ணையும் சேர்க்கிறேன்.