இறகு உதிர்த்த ஏழு வாத்துகள்

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம், கார்த்திகை பிறந்ததும் எங்கள் வீட்டு வாத்துகள் ஏழும் ஒன்றாக இறகை உதிர்க்கத் தொடங்கின. தலையணையைக் கிழித்துக் கொட்டியது போலக் கொல்லை முழுக்க இறகு கிடந்தது. முட்டை நின்றுபோனது. வரிசைகட்டி மிடுக்காக நடந்தவை, பாதி உரித்த கோழிகளைப் போலச் சுவரோரம் ஒண்டி நின்றன.

எங்கள் ஊர் சாத்தூருக்குப் பக்கம். அப்பா பள்ளிக்கூட ஆசிரியர். "வாத்தியார் வீட்டு வாத்து" என்று ஊரே கேலி பேசியதில் அவருக்கு ஏற்கெனவே அந்தப் பறவைகள் மேல் கொஞ்சம் கசப்பு. அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். தீக்காய வார்டில் வேலை.

பக்கத்து வீட்டுப் பெரியப்பா கோழி வளர்ப்பவர். வேலிக்கு அந்தப்பக்கம் நின்று பார்த்துவிட்டு, "சீக்கு வந்துருச்சு. அறுத்துருங்க. இல்லைன்னா என் கோழியும் போயிரும்" என்றார். கிறிஸ்துமஸ் வருகிறதே, அதுவரை பார்ப்போம் என்றார் அப்பா. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும். நான் அழுதேன்.

வேலை முடிந்து வந்த அம்மா, சேலைகூட மாற்றாமல் வாத்துகளின் அருகில் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள்.

"கண்ணு தெளிவா இருக்கு. இரை எடுக்குது. சீக்குன்னு எப்படிச் சொல்றீக? பழைய இறகு விழுந்து புதுசு முளைக்குது. அம்புட்டுத்தேன்."

"இந்தக் குளிர்லயா?" என்றார் பெரியப்பா.

"கோடை பூராவும் முட்டை போட்டு ஓஞ்சிருக்கு. தீபாவளி வெடியில வேற மிரண்டுருக்கு. அதுக என்ன நாள் பாத்தா உதிர்க்கும்?"

மறுநாளே கொல்லைக் கொட்டகை வார்டாக மாறியது. மழைச்சாரல் படாமல் சாக்குப் படுதா கட்டினாள். தினமும் காய்ந்த வைக்கோல். தலை முங்கும் ஆழத்துக்குத் தண்ணீர். யாரும் விரட்டக் கூடாது, தூக்கக் கூடாது, பார்க்க விரும்புகிறவர்கள் சாயங்காலம் மட்டும் வரலாம். தலைமை ஆசிரியருக்கே அடங்காத அப்பா இந்தச் சட்டத்துக்கு அடங்கினார். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு கருவாடு இடித்துக் கொடுத்தார். அதைக் கடலைப் புண்ணாக்கோடு பிசைந்து வைப்பாள் அம்மா. நத்தை பொறுக்குவது என் பொறுப்பு. கண்மாய்க்கரையில் ஒரு பழைய வாளியோடு அலைந்தேன். நானும் ஒரு நர்ஸ் ஆகிவிட்டதாகவே எனக்கு நினைப்பு.

அந்த நினைப்புதான் வினையானது. மார்கழியில் ஒரு சனிக்கிழமை, அம்மா வேலைக்குப் போயிருந்தபோது, இருப்பதிலேயே சிறிய வாத்து நடுங்குவதைப் பார்த்தேன். பெட்டியைக் குடைந்து, நான் கைக்குழந்தையாக இருந்தபோது போட்ட ஸ்வெட்டரை எடுத்துவந்தேன். வாத்தைப் பிடித்து, ஒரு சிறகை மடக்கி ஸ்வெட்டரின் கைக்குள் நுழைத்தேன். ஏதோ முறிந்தது. மஞ்சள் ஸ்வெட்டர் சிவக்கத் தொடங்கியது.

என் அலறலைக் கேட்டு ஓடிவந்த அப்பாவுக்கு ரத்தம் என்றால் ஆகாது. தலையைத் திருப்பிக்கொண்டே துணியை அழுத்திப் பிடித்தார். அந்நேரம் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்த அம்மா பையைக்கூட இறக்கி வைக்காமல் வந்து ஸ்வெட்டரைக் கழற்றினாள். முறிந்த இடத்தில் பஞ்சை வைத்து, ரத்தம் நிற்கும்வரை விரலை எடுக்கவில்லை. திட்டு விழும் என்று காத்திருந்தேன்.

"முளைக்கிற இறகுக்குள்ள ரத்தம் ஓடும் பாப்பா. துணி பட்டாக்கூட வலிக்கும்" என்று மட்டும் சொன்னாள். அதை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

வாத்து பிழைத்துக்கொண்டது. கிறிஸ்துமஸுக்கு அப்பாவே ஆட்டுக்கறி வாங்கி வந்தார். "அதுகள்ல என்ன கறி இருக்கு, எலும்புதேன்" என்று யாரும் கேட்காமலே காரணமும் சொன்னார். தை பிறந்தபோது ஏழும் புத்திறகோடு கண்மாயில் இறங்கின. முதுகில் விழுந்த தண்ணீர் முத்துமுத்தாக உருண்டு ஓடியதைப் பெரியப்பாவும் வந்து பார்த்தார்.

மாசியில் முட்டை வரத் தொடங்கியது. ஒரு வாரம் சேர்த்து வைத்தோம். ஒரு நாள் காலை, அத்தனையையும் அவித்துத் தூக்குவாளியில் அடுக்கிக்கொண்டு அம்மா வேலைக்குக் கிளம்பினாள். நான் வாசலை மறித்தேன்.

"நத்தை பொறுக்குனது நானு."

"வார்டுல ஒரு அக்கா இருக்காக. அவுகளுக்குத் தோல் முளைச்சுக்கிட்டு இருக்கு. நெறைய முட்டை சாப்பிடணும்."

ஒன்றை என் கையில் வைத்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள். மனிதருக்குத் தோல் முளைக்குமா? அம்மா என்னை ஏமாற்றுகிறாள் என்று உறுதியாக நம்பினேன். பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லிக் கேலி செய்தேன். வகுப்பே சிரித்தது. என் பக்கத்தில் உட்காரும் பெண் மட்டும் சிரிக்கவில்லை. அவளுடைய அம்மா ஒரு பட்டாசு கம்பெனியில் வேலை பார்த்தவள். பொங்கலுக்கு முன்பிருந்தே அந்தப் பெண்ணுக்கு அத்தைதான் தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"நெசமாவே முளைக்கும்னு உங்கம்மா சொன்னாகளா?" என்று என்னிடம் இரண்டு முறை கேட்டாள். ஆமாம் என்றேன். இதை எதற்கு இரண்டு முறை கேட்கிறாள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.