இலையை எதிர்ப்பக்கமாக மடித்தவர்

“பரமசிவம் அண்ணாச்சி போயிட்டாக” என்று ராஜபாளையத்திலிருந்து போன் வந்தபோது, சென்னையில் ஒரு கூட்டக் காட்சிக்கு ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை விட்டுப்போனது. மறுபடி எண்ண மனம் வரவில்லை.

திரையில் அவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள், பெயர் தெரிந்திருக்காது. நூற்பாலையில் ஃபிட்டர். எங்கள் பக்கம் படப்பிடிப்பு நடந்தால் லீவு போட்டுவிட்டு வந்து கூட்டத்தில் நிற்பார். உதவி இயக்குநரான நான்தான் அவரை அழைத்து வருவேன்.

முதல் படத்தில், ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியைச் சைக்கிளில் கடக்க வேண்டும், அவ்வளவுதான். தூக்குச்சட்டியோடு வந்து நின்றார். வாங்கிப் பார்த்தால் கனத்தது.

“என்ன அண்ணாச்சி, நெசமாவே சோறா?”

“ஆமா தம்பி. மக பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில கெடக்கா. ஆறுறதுக்குள்ள போவணும்ல?”

அவருக்கு மகளே கிடையாது! மகள் அவர் நடித்த அந்தச் சைக்கிள்காரருக்கு. ‘கட்’ என்று கத்திய பிறகும் நிற்காமல் மிதித்து, தெருமுனை தாண்டித்தான் இறங்கினார். எல்லாரும் சிரித்தோம். “கேமரா பாக்காத நேரத்துல அவனுக்கும் வீடு வாசல் இருக்கும்ல தம்பி?” என்றார்.

அடுத்த படத்தில் கல்யாணப் பந்தி. கல்யாண வீட்டில் இலையை நம் பக்கமாக மடிப்போம், உறவு தொடர வேண்டும் என்று. எதிர்ப்பக்கமாக மடிப்பது சாவு வீட்டில்தான். அண்ணாச்சி எதிர்ப்பக்கமாக மடித்துவிட்டார். மறுபடி எடுக்க இலையும் இல்லை, சோறும் இல்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. “இம்புட்டு வயசுக்கு ஒரு கல்யாண வீட்டுல சாப்பிட்டதே இல்லையா? எந்திரிச்சுப் போங்கய்யா!” என்று நூறு பேர் முன்னால் கத்தினேன்.

கை கழுவிவிட்டு வந்து நிதானமாகச் சொன்னார்: “தெரிஞ்சுதான் தம்பி மடக்குனேன். இந்த ஆளுக்குப் பொஞ்சாதி செத்து ஒரு மாசந்தான் ஆவுது. சாவு வீட்டுச் சோறு தின்ன கை, மறந்து மடக்கிட்டாரு.”

இதைக் கேட்ட இயக்குநர் அந்தக் காட்சியை அப்படியே வைத்துக்கொண்டார். படம் வந்தபோது, தியேட்டரில் எனக்குப் பின்னால் ஓர் அம்மா, “ஐயோ பாவம், அந்த மனுசன் வீட்டுல யாரோ போயிருக்காக” என்றார். கதாநாயகன் குமுறி அழுததற்கு அவர் ‘உச்’ கொட்டவில்லை. ஒரு நொடியில் ஒரு குடும்பத்தையே காட்டிய கலைஞரையா நான் அப்படிப் பேசினேன்!

மன்னிப்புக் கேட்கத்தான் ஒவ்வொரு முறையும் போனேன். “சாப்பிட்டியா தம்பி?” என்று அவரே முந்திக்கொள்வார். கேட்காமலே காலத்தைக் கடத்திவிட்டேன். வெட்கக்கேடு.

நேற்று பதினாறாம் நாள். அவர் வீட்டுப் பந்தியில் சாப்பிட்டு, இலையை என் பக்கமாக மடித்தேன். அவர் மனைவி, எங்கள் மதினி, பதறிவிட்டார்கள்.

“என்ன தம்பி, இது சாவு வீடுல்ல?”

“தெரிஞ்சுதான் மதினி மடக்குனேன்.”

மதினி இலையையே பார்த்தார்கள். “நீங்க கத்துனத அவிய அன்னைக்கே மறந்துட்டாக. நீங்கதான் சொமந்துக்கிட்டுத் திரியிறீக” என்றார்கள். நான் அழுதுவிட்டேன்.

போய் வாருங்கள், அண்ணாச்சி. நாங்கள் ‘கட்’ சொன்னாலும் நிறுத்தாமல் மிதியுங்கள். சோறு ஆறிவிடப் போகிறது.