தனாக்கா பூசிய முகம்

மஞ்சுளா பபேடான் கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் பதினோரு வருடமாக வேலை பார்ப்பவள். கடை முதலாளி அவளைக் கிடங்கில் வைத்துக் கெடுத்தான். மூன்றாம் நாள் அவள் போலீசில் எழுதிக் கொடுத்தாள். வழக்கு கோர்ட்டுக்குப் போயிற்று. கோயில் கமிட்டியில் நாங்கள் ஐந்து பேர். அவளைக் கூப்பிட்டு, புகாரைத் திரும்ப வாங்கச் சொன்னோம். நானும் அதில் ஒருத்தன்தான், மறைக்க என்ன இருக்கிறது?

பழனியப்பன்தான் ஆரம்பித்தார். "மறுநாளே கன்னத்துல தனாக்கா பூசி, பொட்டும் வச்சுக்கிட்டுக் கடைக்கு வந்தியே. அப்படி ஒண்ணு நடந்த பொம்பள சிங்காரிச்சுக்கிட்டு வருவாளா?"

தனாக்கா என்பது பர்மாக்காரப் பெண்கள் தினமும் கன்னத்தில் பூசும், மரப்பட்டையை அரைத்த சந்தனம் மாதிரியான குழம்பு. எங்கள் ஆட்களுக்கு அதுவும் அலங்காரம்தான். துக்கப்பட்டவள் முகம் வெறுமையாக இருக்க வேண்டும். நானும் தலையாட்டினேன்.

"அழுது வீங்கின மூஞ்சிய எதை வச்சு மறைக்கிறதுண்ணே?" என்றாள் மஞ்சுளா. "இந்த ஊர்ல தனாக்கா பூசாம பஸ் ஏறினா பக்கத்துல உக்காந்தவ விசாரிப்பா. வேலைக்குப் போகலன்னா வீட்டுல ஏன்னு கேப்பாங்க. யாருகிட்டயும் சொல்ல வாய் வரல. அதான் பூசினேன்."

"கோர்ட்லயும் இதத்தானே கேப்பாங்க?" என்றார் பழனியப்பன்.

"கேக்கட்டும். அங்கயும் இதையே சொல்லுவேன். கூப்பிட்டீங்க, வந்தேன். உங்ககிட்ட உத்தரவு வாங்க வரல."

எழுந்து போய்விட்டாள். அழுத முகத்தை மறைக்கப் பூசியதைச் சிங்காரம் என்று நானும் தலையாட்டியிருக்கிறேன்.

பழனியப்பன் என்னைப் பார்த்தார். "நீ போய்ப் பேசிப் பாருய்யா. நீ சொன்னா கேப்பா."

"நான் பேசப் போகல," என்றேன். "செவ்வாய்க்கிழமை விசாரணை. அவ பக்கம் நிக்கப் போறேன்."