நிமியா கைமாற்றிய குவளை

நிமியா ஒகேதா முப்பத்தொரு வருடம் ஒரே இடத்தில் நின்றாள்: அறுவை மேசையின் தலைமாட்டில். அந்த அறைக்குச் சன்னல் கிடையாது. கான்செப்சியோன் நகரத்துக்குப் பக்கத்து அந்தச் சின்ன மருத்துவமனையில் மயக்கம் கொடுக்க அவளை விட்டால் ஆளில்லை. ஓய்வு கேட்டு இரண்டு முறை எழுதிப் போட்டாள். மாற்று ஆள் வரட்டும் என்று இரண்டு முறையும் பதில் வந்தது.

அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வலி அடக்கும் ஃபென்டனில் மருந்தை ஏற்றி மூன்று நிமிடம் ஆகாமல் யார் தொண்டையிலும் குழாய் இறக்க மாட்டாள். மயங்கியவனுக்கு ஒன்றும் தெரியாது என்று மற்றவர்கள் நினைப்பார்கள். உடம்புக்குத் தெரியும். தொண்டையில் இரும்பு பட்டதும் நாடி பாயும், ரத்த அழுத்தம் எகிறும். நல்ல இதயம் தாங்கிக்கொள்ளும். பழுதான இதயத்துக்கு அந்த மருந்துதான் காவல், அது வேலை செய்ய நேரம் வேண்டும்.

"என்ன நிமியா, பஸ்ஸுக்கா காத்திருக்கே?" என்பார் அறுவை மருத்துவர் லரோசா.

"பஸ் வந்தா மொத ஆளா உங்களைத்தான் ஏத்தி விடுவேன், டாக்டர்."

அன்று மேசையில் கிடந்தவர் தோன் செவெரியானோ, மரம் அறுக்கும் ஆலைக்காரர். பித்தப்பையில் கல். இதய வால்வு ஒன்று சுருங்கிப்போயிருந்தது. நாடி தறிகெட்டு ஓடினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும், பிறகு ஆள் தங்கமாட்டார். காலையில் நிமியாவே நடைகூடத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாம் கேட்டு எழுதியிருந்தாள். சாப்பிட்டது, குடித்தது: ஒன்றுமில்லை.

ஃபென்டனில் ஏற்றினாள். தூக்க மருந்து, தசை தளர்த்தும் மருந்து. அவர் மூச்சு நின்றது. இனி அந்த மூச்சு அவள் கையில். முகமூடியை அழுத்திப் பிடித்துக் காற்றுப் பையைப் பிசைந்தாள். ஒரு நிமிடம் தாண்டியபோது முகமூடியின் விளிம்பில் ஒரு வாசனை வந்தது. நசுக்கிய புதினா. காலையில் வட்டமாக உட்கார்ந்து ஒரே குவளையில் மாறி மாறி உறிஞ்சும் தெரெரேயில், அந்தக் குளிர்ந்த இலைத் தண்ணீரில் போடுவது.

பையிலிருந்து கையை எடுக்காமலே திரும்பினாள்.

"சுனில்தா, வெளியில ஓடு. அவர் பொஞ்சாதிகிட்ட கேளு, இவரு தெரெரே குடிச்சாரான்னு."

நர்ஸ் சுனில்தா ஓடினாள். கடிகாரம் நகர மறுத்தது. வயிற்றில் தண்ணீர் இருந்தால் அது மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கிவிடும். உடனே குழாய் போட வேண்டும். உடனே போட்டால் மருந்து இன்னும் பிடித்திருக்காது, இதயம் துள்ளும். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அவர்தான் சாவார். பையை விட்டு விலகவும் முடியாது. கை தானாகப் பிசைந்துகொண்டிருந்தது.

சுனில்தா வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை.

"சொல்லுடி!"

"குடிச்சாராம், ஞா நிமியா. ஏழெட்டு குவளை." 'ஞா' என்று எப்போதும் மரியாதையாகக் கூப்பிடும் அவள் குரல் இறங்கியது. "நீங்கதான் ஊத்திக் கொடுத்தீங்களாம். வாங்காம இருந்தா மரியாதையா இருக்காதுன்னு குடிச்சாராம்."

நிமியாவுக்கு நினைவு வந்தது. காலை எட்டே முக்கால். நடைகூடத்தில் வட்டமாக எல்லோரும். மடியில் படிவம், கையில் கொம்புக் குவளை. தெர்மோஸிலிருந்து குளிர்ந்த நீரை ஊற்றி அவள் உறிஞ்சினாள்; மறுபடி ஊற்றிப் பக்கத்திலிருந்த செவெரியானோவிடம் நீட்டியது கை. பேனா 'ஒன்றுமில்லை' என்று எழுதியது. அவரும் பொய் சொல்லவில்லை. இந்த ஊரில் தெரெரேயை யார் குடித்ததாகக் கணக்கில் வைப்பார்கள்? அவளே வைத்ததில்லை.

"போடு, நிமியா, போட்டுடு!" என்றார் லரோசா.

"இன்னும் ஒரு நிமிஷம்." மேசையின் தலைப்பக்கத்தை உயர்த்தச் சொன்னாள். "சுனில்தா, தொண்டைக் குருத்தெலும்ப அழுத்திப் பிடி, வயித்துத் தண்ணி மேல வரக்கூடாது. நான் சொல்ற வரைக்கும் விடாதே."

பையை மெல்ல, மிக மெல்லப் பிசைந்தாள். காற்று வயிற்றுக்குள் போகக்கூடாது. லரோசா இம்முறை பஸ்ஸை மறந்து, கடிகாரத்தைப் பார்த்து நொடிகளை எண்ணினார்.

மூன்று நிமிடம். வாயைத் திறந்து விளக்கு வைத்த இரும்பை உள்ளே விட்டாள். அடித்தொண்டையில் வெளிறிய பச்சை நீர் பளபளத்தது. உறிஞ்சி எடுத்தாள். குழாய் உள்ளே போனது. திரையைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை, சுனில்தாதான் வாசித்தாள்.

"அழுத்தம் நூத்தி நாப்பது... நூத்தி ஐம்பத்தெட்டு. நாடி தொண்ணூத்தி ரெண்டு." ஒரு பெருமூச்சு. "ஏறுறது நின்னுடுச்சு, ஞா. இறங்குது."

மதியம் செவெரியானோ கண் விழித்துச் சூப்பு கேட்டார். நிமியா அவருடைய படிவத்தை எடுத்து 'ஒன்றுமில்லை' என்பதை அடித்தாள்.

"ஏன் வம்பு? ஆளு நல்லாத்தானே இருக்கான்," என்றார் லரோசா.

அவள் எழுதினாள்: '8.45, தெரெரே, கொடுத்தது நான்.' கையெழுத்துப் போட்டாள். தலைமையகத்திலிருந்து கண்டனக் கடிதம் வந்தது. மாற்று ஆள் வரவில்லை.

அதன் பிறகும் ஒன்பது வருடம் அதே தலைமாட்டில்தான் நின்றாள். காலை வட்டத்தில் குவளை அவளிடம் வரும்போது, வாங்குவதற்கு முன்பே, "நன்றி" என்பாள். எங்கள் பக்கம் அப்படிச் சொன்னால் எனக்குப் போதும் என்று பொருள். ஒரு வாய்கூடக் குடிக்காமல் அதைச் சொன்னவள் அவள் ஒருத்திதான். சொல்லிவிட்டுப் புதிதாக வந்த நோயாளியின் பக்கத்தில் போய் உட்காருவாள். வெறும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்பாள்:

"தெரெரே எத்தனை மணிக்குக் குடிச்சீங்க?"