இரண்டு அம்மாக்கள் இருக்கிற புத்தகம்

இரண்டாம் வகுப்பு எடுத்தவர்களுக்குத் தெரியும்: பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது சுலபம், சாயங்காலம் அவர்களைக் கூட்டிப்போக வருகிறவர்களிடம்தான் தொண்டை வற்றும். காக்ஸ் டவுன் பள்ளியில் எனக்கு அது ஒரு படக்கதைப் புத்தகத்தால் வற்றியது. ஒரு சிறுமி, அவளுடைய இரண்டு அம்மாக்கள், ஒரு மழைநாள், கதை அவ்வளவுதான். வகுப்பு அலமாரியில் நான்தான் வைத்தேன்.

முதல் புகார்

ஜெர்ரியின் அப்பா ஆல்பர்ட், லிங்கராஜபுரத்துக்காரர். பள்ளி விழா என்றால் பந்தல் கட்ட முதல் ஆளாக நிற்பவர். அன்றைக்கு ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வந்தார். "ரெண்டு பொம்பளைங்க குடும்பம் நடத்தறதை இந்த வயசுல எதுக்கு மிஸ் காட்டணும்?"

ஜெர்ரி ஏதாவது கேட்டானா என்றேன். ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "ரெண்டு அம்மா இருந்தும் அந்த வீட்ல ஒரே குடைதான் இருக்கு, ஏன்னு கேக்கறான்."

சனிக்கிழமைக் கூட்டம்

புகார்கள் பெருகவே, ஹெட்மிஸ்ட்ரஸ் பெற்றோரைக் கூப்பிட்டார். ஆல்பர்ட்டும் இன்னும் சிலரும் புத்தகத்தை எடுத்தே ஆகவேண்டும் என்றார்கள். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு மதுரைக்காரம்மா, "என் பொண்ணு டைனோசர் புத்தகம் படிக்கறா, வால் ஒண்ணும் முளைக்கலையே" என்றார். "சரி, அப்படிக் குடும்பம் நம்ம ஊர்ல எங்க இருக்கு?" என்று யாரோ கேட்டார்கள்.

கடைசி பெஞ்சிலிருந்து தேவி எழுந்தார். ஜீவனஹள்ளியில் குடியிருப்பவர், கார்மென்ட்ஸில் தையல் வேலை. கூடவே எப்போதும் வரும் சாந்தியை அவருடைய தங்கை என்றே நாங்கள் நினைத்திருந்தோம். சாந்தி முந்தானையைப் பிடித்து உட்காரச்சொல்லி இழுத்தார். தேவி உட்காரவில்லை. வாடகை வீடு, வேலை, மகள் காவ்யாவின் நிம்மதி, எல்லாவற்றையும் பணயம் வைத்துத்தான் பேசினார்.

"சாந்தி என் தங்கச்சி இல்லை. காவ்யாவை நாங்க ரெண்டு பேரும்தான் பெத்தவங்களா வளர்க்கறோம். எங்க வீட்லயும் காலையில டிபன் பாக்ஸ்தான் சார் கட்டறோம்."

கேட்டுக்கு வெளியே

புத்தகம் அலமாரியிலேயே இருக்கும், ஆனால் வேண்டாம் என்கிற வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கமாட்டேன் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். ஹெட்மிஸ்ட்ரஸ் பாதி கன்னடத்தில், "ஆயிது, சரி, அப்படியே செய்யுங்க" என்று கூட்டத்தை முடித்தார். ஆனால் திங்கட்கிழமை கேட்டருகே தேவியும் சாந்தியும் நின்ற இடத்தைச் சுற்றி ஆளே இல்லை. காவ்யா இருவருக்கும் நடுவில் தலைகுனிந்து நின்றாள்.

ஆல்பர்ட் நேராக என்னிடம் வந்தார். "ஜெர்ரிக்கு அந்தப் புத்தகம் வேண்டாம் மிஸ். அதுல நான் மாறலை." சரி என்றேன். பிறகு எல்லோரும் பார்க்க அந்த இருவரிடம் போனார்.

"ஞாயித்துக்கிழமை ஜெர்ரி பர்த்டே. காவ்யாவைக் கூட்டிட்டு ரெண்டு பேரும் வாங்க. லேட் பண்ணாதீங்க, பிரியாணி தீர்ந்துடும்."

அந்தப் புத்தகத்தைப் படித்த பிள்ளைகள் யாரும் மாறவில்லை, படிக்காத பெரியவர்கள்தான் கொஞ்சம் மாறினார்கள்.