இரண்டு ஹேக்பெர்ரி மரங்கள்

இலையைக் கன்னத்தில் தேய்த்துக்கொண்டிருந்தார் லொரீன் ஹ்ருஸ்கா. விரல்கள் காய்த்துப்போய்விட்டன, கன்னம்தான் சரியாகச் சொல்லும் என்பார். வழவழவென்றிருந்தால் சர்க்கரை ஹேக்பெர்ரி. பூனை நாக்கு மாதிரி சொரசொரத்தால் வலையிலை ஹேக்பெர்ரி. உலகம் முழுக்க இந்த மரத்தில் எத்தனையோ வகை உண்டாம். எங்கள் டெக்சஸ் பக்கத்து வகைகளையெல்லாம் சொந்தக்காரர்களைப் போல அடையாளம் சொல்வார்.

முப்பத்தொரு வருடமாக நிலம் அளக்கிறார். இங்கே பழைய பத்திரங்களில் எல்லை ஏதாவது ஒரு மரத்திலிருந்துதான் தொடங்கும். சட்டைப் பையில் எப்போதும் காய்ந்த ஹேக்பெர்ரிப் பழம் இருக்கும். மெல்லிய இனிப்புத் தோல், மீதியெல்லாம் கொட்டை. "பல்லுக்கும் ஒரு வேலை வேணும்ல" என்று கடிப்பார்.

போன அக்டோபரில் வெண்டெல் போஸ்பிசிலும் அவருடைய அக்கா ஆக்னஸும் அப்பாவின் நிலத்தைப் பிரிக்க இவரை அழைத்தார்கள். அளவு நாடா பிடிக்க நானும் போனேன். வசந்தகாலத்திலிருந்து அவர்கள் இருவருக்கும் பேச்சு இல்லை. எல்லை மூலை "சொரசொரத்த இலை ஹேக்பெர்ரி" என்றது பத்திரம். நின்றதோ இரண்டு மரங்கள். நடுவே அந்த நிலத்தின் ஒரே கிணறு. எல்லைக்குத் தெற்கே ஆக்னஸ் பங்கு, வடக்கே வெண்டெல் பங்கு. வடக்கு மரம் என்றால் கிணறு ஆக்னஸுக்கு, தெற்கு மரம் என்றால் வெண்டெலுக்கு.

வடக்கு மரத்தின் இலை சொரசொரத்தது. ஆக்னஸ் முகம் மலர்ந்தது. லொரீன் ஏணி போட்டு மேல்கிளை இலையைத் தேய்த்தார்: வழவழப்பு. தெற்கு மரத்தில் நிழல்பக்கம் வழவழப்பு, வெயில்பக்கம் சொரசொரப்பு. இரண்டும் கலப்பில் பிறந்தவையோ என்று முணுமுணுத்தார். பத்திரம் எழுதின காலத்து மரம் எது என்று வளையத்தை எண்ணி வயதையாவது பார்ப்போமென்று தண்டில் துளையிட்டார். இரண்டுமே உள்ளே பொந்து. வண்டியின் பின்பலகையில் இலைகளைப் பரப்பி உட்கார்ந்தார். சற்று நேரத்தில் எது எந்த மரத்து இலை என்பதே அவருக்குக் குழம்பிவிட்டது.

"ஏதாவது ஒண்ணச் சொல்லிடு லொரீன். நீ சொன்னா நாங்க கேட்டுக்குவோம்" என்றார் வெண்டெல்.

"கேட்டுக்குவீங்க. அதான் பயமா இருக்கு. எனக்குத் தெரியல வெண்டெல்."

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் அதுவரை கேட்டதில்லை.

"உனக்கே தெரியலைன்னா வேற யாரு சொல்லுவா?" என்றார் ஆக்னஸ்.

லொரீன் பின்பலகையிலிருந்து இறங்கினார். மூலையில் அடிக்கிற எல்லைக் கம்பியை வண்டியிலிருந்து எடுத்து வெண்டெல் கையில் கொடுத்தார். சுத்தியலை ஆக்னஸ் கையில் கொடுத்தார்.